பட்டினியும் மிகையூணும்

உண்டி குறைத்து உடலை மெலிவித்தலும், மெலிந்த உடல் மீண்டும் பருத்தலும், பருத்தமை கண்டு வெறுத்து முன்னையினும் கடிய பட்டினி மேற்கொள்ளுதலுமாக ஆண்டுகள் பலவற்றைக் கழிப்பார் இக்காலத்துப் பலராயினர். கயிற்றிற் கட்டுண்டு ஏறுதலும் இறங்குதலுமாய் உழலும் விளையாட்டுக் கருவியின் பெயரால் இதனை 'யோ-யோ டயட்' என்று வழங்குவர். இது மருத்துவர் ஆராயத்தக்க பொருளன்றோ, மெய்ந்நூல் பயில்வார்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுதும். இச்சுழலில் அகப்பட்டார் தம்மை நோக்கி, 'யான் மனவுறுதி அற்றேன். இழிந்தேன்' என்று தாமே தீர்ப்புரைத்துக் கொள்கின்றனர். கண்டாரும் அவ்வாறே கூறுகின்றனர். அத்தீர்ப்பு நேரிதோ அன்றோ என்பது அறத்தின்பாற்பட்ட வினாவாம். குற்றம் இல்வழிக் குற்றம் கூறுதலும், உள்வழி அதனைக் காணாமையும் ஒருவனை நன்னெறிக்கண் உய்ப்பன அல்ல. ஆகலின் அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

மனவுறுதியின்மையே மீளப் பருத்தற்குக் காரணம் என்பார் கூற்றை முதற்கண் எடுத்துக் கொள்வோம். 1944-ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். போரினால் உணவின்றி வாடிய மக்களை எம்முறையால் உண்பித்துத் தேற்றலாம் என்று அறிதல் அதன் நோக்கம். அதன்பொருட்டுத் தம் உடலை மனமுவந்து ஒப்புவித்தார் 36 இளைஞர். அவரெல்லாம் கொலைத்தொழிலுக்கு உடன்படாது, தம் நெஞ்சறிவின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுத்தவர். நாடு முழுதும் போரை நோக்கி நின்றபொழுது அதற்கு மாறாய் நின்றாரை உறுதியற்றார் என்று யாரே கூற வல்லார்?

அவர்கள் 1945 பிப்ரவரி முதல் 24 வாரம் தம் வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியே உண்டு, உடலெடையில் நாலிலொரு பங்களவு இழந்தனர். இழந்தது உடலெடை மட்டுமன்று. நூலும் நட்பும் நாட்டு நிகழ்ச்சியும் அவர்க்குச் சுவையற்றுப் போயின. உணவொன்றே நினைவாய் நின்றது. அடுதொழில் கற்பிக்கும் நூல்களைத் தேடிப் படித்தனர். கனவினும் உணவே கண்டனர். கட்டு நீங்கியபின், வயிறு நிரம்பியும் பசி தீராமல் உண்டவர் பலர். உடல் மீண்டபொழுது தசையினும் கொழுப்பே முற்பட மீண்டது. இவ்வரலாறெல்லாம் 1950-இல் இரண்டு தொகுதிகளாய் வெளிவந்த கீஸ் முதலியோரின் நூலில் விரிவாய் உள்ளது. இத்துணை உறுதியுடையார்க்கே இது நிகழ்ந்ததெனின், மனவுறுதியின்மை காரணம் என்னும் கூற்று நில்லாதென்க.

பின்னை யாதுதான் காரணம்? உடல் சடப்பொருள். அது தனக்கு அமைந்த தொழிலைச் செய்வதன்றி, உடையானது கருத்தை வினவி நடப்பதன்று. நாட்டில் விளைந்த பஞ்சத்தையும் உள்ளத்தில் எழுந்த சங்கற்பத்தையும் அது வேறு பிரித்தறியாது. இரண்டனையும் உயிருக்கு நேர்ந்த இடுக்கண் என்றே கொண்டு, செலவைச் சுருக்கிப் பசியைப் பெருக்குகின்றது. கொழுப்பினின்று சுரந்து, இருப்பு இவ்வளவினது என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் பொருள் 1994-இல் அறியப்பட்டது. உடல் மெலியுங்கால் அது குறைகின்றது, பசி மிகுகின்றது. மெல்போர்ன் நகரத்து அறிஞர், 10 வாரம் மிகக் குறைந்த உணவளித்து 50 பேரை மெலிவித்து ஆராய்ந்து, ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் அம்மாறுதல்கள் நீங்காமையை 2011-இல் வெளியிட்டனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த உடல்மெலிப்புப் போட்டி ஒன்றிற் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டின்பின் ஆராய்ந்த செய்தி 2016-இல் வெளிவந்தது. அவர்கள் சராசரியாக 58 கிலோகிராம் இழந்து, அதில் 41 கிலோகிராமை மீளப் பெற்றிருந்தனர். அவ்வளவினும், அவருடல் வாளா இருக்குங்கால் எரிக்கும் கலோரி, எதிர்பார்க்கத் தகும் அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 குறைவாகவே நின்றது. எனவே, கடுமை மிகுந்தோறும் எதிர்ப்பும் மிகுமென்பது பெறப்படும்.

அங்ஙனமாயின் குற்றமனைத்தும் உடலினதே, உள்ளத்திற்கு யாதொரு பங்கும் இல்லையோ எனின், அற்றன்று. உள்ளத்தின் பங்கு யாதென்பதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 1975-இல் ஹெர்மன், மேக் என்னும் இருவர் கல்லூரி மாணவியர் சிலர்க்குப் பாலும் இனிப்பும் கலந்த பானத்தை முன்னர் அளித்து, பின்னர் ஐஸ்கிரீமை வேண்டுமளவு உண்க என வைத்தனர். உணவிற் கட்டுப்பாடு இல்லாதார், முன்னர்ப் பருகியதற்கு ஏற்பப் பின்னர்க் குறைத்துண்டனர். கட்டுப்பாடு பூண்டவரோ, பானம் பருகாதபொழுது குறைவாயும், பருகியபொழுது மிகுதியாயும் உண்டனர். 'நோன்பு குலைந்தது, இனி எவ்வளவு உண்டால் என்?' என்னும் எண்ணமே இதன் காரணமாகக் கொள்ளப்பட்டது. ஒரு மிடறு பிழைத்தமைக்கு ஒரு நாள் முழுதும் பிழைத்தலும், ஒரு நாள் பிழைத்தமைக்கு ஒரு திங்கள் தன்னை ஒறுத்தலுமாகச் சுழல் வளர்கின்றது.

இதன் வேரை நோக்குவார்க்கு ஒன்று புலனாம். மெலிந்த நாளில் 'யான் வென்றேன்' என்று செருக்குவதும், பருத்த நாளில் 'யான் கெட்டேன்' என்று தன்னை இகழ்வதும் இரண்டல்ல. இரண்டும் யான் என்னும் முனைப்பு ஒன்றினின்றே கிளைப்பன. அவ்வாறே, உணவின்மேற் பெருவிருப்பும் உணவின்மேற் பெருவெறுப்பும் ஒரே தளையின் இரு முனைகள். விருப்பினை வெறுப்பினால் வெல்லக் கருதுவான் தளையை அறுத்தானல்லன். முனை மாற்றிப் பிடித்தானே ஆவன். விருப்பு வெறுப்பிரண்டும் ஒத்துக் கழிதலையே நம் நூலோர் வேண்டினமை நம் அன்பர் நன்கறிவர்.

ஈண்டு ஒருசாரார் வினவுவர்: 'பட்டினி இத்துணைத் தீமையுடைத்தாயின், நம் முன்னோர் கைக்கொண்ட விரதங்களும் தள்ளத்தக்கனவோ?' என. தள்ளத்தக்கன அல்ல. விரதத்திற்கு நாள் வரையறை உண்டு, தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. முடிவின்கண் பாரணை என ஒன்று விதிக்கப்பட்டமை பெரிதும் கருதற்பாலது. கந்தசட்டியில் ஆறு நாள் நோற்றார் ஏழாம் நாள் பாரணை செய்கின்றனர். உண்ணாமையேபோல உண்ணுதலும் ஆண்டு நோன்பின் உறுப்பாகின்றது. அன்றியும், அங்கு உள்ளம் நிற்பது இறைவன் திருவடிக்கண். தராசின் முள்ளின்கண் அன்று. இக்காலத்து உடல்மெலிப்புப் பட்டினிக்கோ பாரணை இல்லை. அதனை முடிக்கும் ஊண் தோல்வி எனப்படுகின்றது. தோல்வி என்று உண்ணும் ஊண் அளவில் நில்லாது. நோயாளரும் முதியோரும் விரதமாயினும் மருத்துவர் கருத்தறிந்தே மேற்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு சாரார், 'உடலின்மேற் பழியிட்டு அவாவை அதன் போக்கில் விடுதல் தகுமோ?' என்பர். யாம் அதனையும் உடன்பட்டிலம். அடக்கம் வேண்டும், ஆயின் அடக்கம் வேறு, ஒறுத்தல் வேறு. குதிரையைக் கடிவாளத்தால் நடத்துதல் அடக்கம். புல்லின்றிக் கட்டி வைத்து, பின் கட்டறுத்து ஓடவிடுதல் அடக்கமாகாது. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்துள் பெரும்பகுதி உண்ணும் அளவும் காலமும் பற்றியே நிகழ்கின்றமை காண்க. நாட்பட்டினியால் உடலை வாட்டுக என்னும் விதி ஆண்டில்லை.

ஆதலின் இச்சுழலினின்றும் மீள விரும்புவார், முன்னையினும் கடிய சூளுரையை நாடற்க. வேளை தவறாது உண்ணுக. வாழ்நாள் முழுதும் வருத்தமின்றிக் காக்கலாகும் அளவினையே குறைக்குங்கால் குறைக்க. ஒரு திங்களுக்குமேல் காக்கலாகாத விதியை ஒரு நாளும் விதியாகக் கொள்ளற்க. ஒருவேளை மிகுதியாய் உண்ண நேரின், அடுத்த வேளை வழக்கம்போல் உண்க; தண்டமாகப் பட்டினி கிடவற்க. சுழல் அறுபடும் இடம் இதுவே. உண்ணத் தொடங்கின் நிறுத்தமாட்டாமை நோயாய் முதிர்ந்தார், நாணத்தால் மறையாது தக்க மருத்துவரை நாடுக, அஃது இழிவன்று. அருகிருப்பாரும் அவருடற் பருமனை நகைப்பொருளாக்காமை வேண்டும். நகையும் இகழ்ச்சியும் ஒருவரை அடுத்த பட்டினிக்கு உந்துவனவேயன்றி, அடக்கத்திற்கு வழிகாட்டுவன அல்ல.

அன்னத்தைத் திருவமுது என்று வழங்குவது நம் மடங்களின் மரபு. அதனை ஒருநாள் பகையென ஒதுக்கி, மறுநாள் கொள்ளைப்பொருளென வாரி விழுங்குவான், இரு நாளினும் அதன் சிறப்பை அறிந்திலன். அளவறிந்து, அமைந்த உள்ளத்தோடு, இகழ்தலும் விழைதலும் இன்றி உண்ணும் ஒரு பிடி அன்னம், உறுதியின் பெயரால் கிடக்கும் பல நாட் பட்டினியினும் மேலாய தவம் என்பதே எம் துணிபு.