விலை இல்லை, கடன் உண்டு

பிறர்க்காகக் கருவைச் சுமந்து பெற்றுத் தரும் பெண்ணை 'வாடகைத் தாய்' என்று வழங்குகிறோம். ஆனால் அச்சொல்லில் உள்ள வாடகைக்கு இன்று நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 2021-இல் இயற்றப்பெற்று, 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைத் தாய் முறை ஒழுங்குபடுத்தும் சட்டம் இதனை வணிகமாகச் செய்வதைத் தடுத்துவிட்டது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் குறித்த பிற செலவுகள் தவிர, சுமப்பவளுக்கு ஊதியம் தரலாகாது. மீறும் தம்பதியர்க்கு முதல் குற்றத்திற்கே 5 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 5 இலட்சம் வரை அபராதமும் உண்டு.

கருப்பை விலைப்பொருள் ஆகலாகாது என்பது நல்லறமே. ஆயினும் ஒரு வினா எழுகிறது. மருத்துவர் கட்டணம் பெறுகிறார். மருந்து விற்பவர் விலை பெறுகிறார். வழக்கறிஞர் ஊதியம் பெறுகிறார். பத்துத் திங்கள் சுமப்பவள் மட்டும் ஒன்றும் பெறுவதில்லை. விலை இல்லை என்பதனால் கடனும் இல்லை என்றாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து.

முதற்கடன், அவள் உள்ளத்தை அறிதல். அவள் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகி, தன் குழந்தை ஒன்றையேனும் பெற்றவளாய் இருத்தல் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையே இவ்வாறு சுமக்கலாம். உறவினளாக இருத்தல் வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. ஆயினும் ஊதியமின்றி முன்வருபவர் யார்? தேடும் கண்கள் மைத்துனியிடமும், கணவனை இழந்து அண்ணன் ஆதரவில் வாழும் தங்கையிடமும் சென்று நிற்கும். காசு வற்புறுத்தாத இடத்தில் உறவு வற்புறுத்தக்கூடும். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் இசைவைத் திரும்பப் பெற அவளுக்கு உரிமை உண்டு. அதனை நாமே அவளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். மறுத்தாலும் சோறும் மதிப்பும் குறையா என்ற உறுதியில்லாத வீட்டில், அவள் சொல்லும் 'சரி' இசைவு ஆகாது.

இரண்டாவது, அவள் உடலுக்குக் காவல். மகப்பேற்றுக்குப் பின் வரும் கேடுகளையும் உள்ளடக்கி 36 மாதங்களுக்குக் காப்பீடு எடுத்தல் தம்பதியர் பொறுப்பு. இதற்குரிய பொருளை முதலிலேயே ஒதுக்கி வைத்தல் முறை. சிகிச்சைக்கு நிலத்தை விற்றும் செலவிட்டுவிட்டு, காப்பீட்டில் சிக்கனம் பார்த்தல் அறமன்று.

மூன்றாவது, குழந்தைக்குரியது. 2008-இல் குசராத்தின் ஆனந்த் நகரில் சப்பானியத் தம்பதியர்க்காக ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன்பே அவர்கள் மணவிலக்குப் பெற்றுவிட்டனர். அக்குழந்தையைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இன்றோ பெற்றோர் உரிமைக்கான ஆணையை நடுவர் நீதிமன்றத்தில் முன்னரே பெறுதல் வேண்டும். பிறந்த குழந்தையை எக்காரணம் கொண்டும் கைவிடலாகாது.

விலைகொடுத்து வாங்கியவர் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கொடையாகப் பெற்றவர் அவ்வாறு முடித்துக்கொள்ள இயலாது. இம்முறையை நாடும் இல்லறத்தார், சட்டம் தடுத்ததைத் தவிர்ப்பதோடு நில்லாது, அது கேளாத கடனையும் உணர்ந்து நடப்பாராக.