அதே பெயரை வைக்காதீர்கள்

நாய் செத்த வீட்டுக்கு இரண்டு ஆறுதல்கள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, "நாய்தானே!" மற்றொன்று, "இன்னொன்னு வாங்கிக்கிட்டாப் போச்சு." முதலாவதில் அலட்சியம், இரண்டாவதில் நல்லெண்ணம். ஆனால் கணக்கு ஒன்றுதான்: உடைந்த குடத்துக்கு மாற்றுக் குடம். சாப்பிட்டு எழும்போது தட்டோரம் ஒரு பிடி தயிர்சாதம் மிஞ்சியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே அதை ஒதுக்கிவிட்டது. அந்தப் பிடிச் சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதுதான் துக்கம். அதற்கு ஈடு கிடையாது. ஈடு கிடையாது என்பதாலேயே தயங்காமல் இன்னொரு நாயை வளர்க்கலாம் என்பது என் கட்சி.

சிக்மண்ட் பிராய்ட் 1917-இல் வெளியிட்ட கட்டுரையில், இறந்தவர்மீது வைத்த பற்றை மனம் சிறிது சிறிதாக விடுவித்துக்கொள்கிறது, அது முடிந்ததும் புதிதாக வேறொன்றைப் பற்ற முடிகிறது என்றார். 1920-இல் அவருடைய மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டு கழித்து, மகனைப் பறிகொடுத்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பேச்சே மாறிவிட்டது: ஈடு என்று எதுவும் வராது, எது வந்து நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும், அப்படி இருப்பதே சரி. இப்படி எழுதியவர்தான், 1937-இல் ஜோஃபி என்ற தன் நாய் இறந்ததும், அதோடு ஒத்துப்போகாததால் முன்பு வேறு வீட்டுக்கு அனுப்பியிருந்த லூன் என்ற நாயைத் திரும்பக் கூட்டிவந்தார். இதில் முரண் இல்லை. லூன் ஜோஃபியாக வரவில்லை.

இன்னொரு நாயை வளர்ப்பது துரோகமில்லையா என்பார்கள். உடனே ஹச்சிகோவை இழுப்பார்கள். 1925-இல் இறந்துபோன பேராசிரியருக்காக 1935 வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த நாய் அது. உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் பேராசிரியரின் பழைய தோட்டக்காரர் அதைப் பார்த்துக்கொண்டார். அவர் போட்ட சோற்றை அது மறுக்கவில்லை. காத்திருப்பும் புதுக் கையும் ஒரே நாய்க்குள் இருந்தன. 2001-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காப்பகத்து நாய்களைக் கவனித்தார்கள். பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை பழகியவரிடம் அவை ஒட்டிக்கொண்டன. விசுவாசத்தின் இலக்கணத்தை நாயிடம் கற்பதானால் இதையும் சேர்த்துத்தான் கற்க வேண்டும்.

"மறுபடியும் அழணுமே" என்பது இன்னும் கனமான ஆட்சேபம். அதற்குப் பதில் இல்லை, அழத்தான் வேண்டும். எழுபதை நெருங்குகிறவர் தனக்குப் பின் அதை யார் பார்ப்பார் என்று தயங்கினால் அது நியாயமான தயக்கம். அவருக்குக் குட்டி வேண்டாம், யாரும் கேட்காத நடுவயது நாய் ஒன்று போதும்.

துரோகம் வேறோர் இடத்தில் இருக்கிறது. போனது ராஜபாளையம் என்றால் அதே வெள்ளையில் இன்னொரு ராஜபாளையம், அதே பெயர், அதே பெல்ட். பாவம், வந்த குட்டி செத்த நாயின் பரீட்சையைத் தினமும் எழுதித் தினமும் தோற்கும். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தன் நாயைக் குளோனிங்கே செய்து பார்த்தார். பிறந்தவற்றின் குணம் வேறாக இருந்தது என்று அவரே சொன்னார்.

எத்தனை நாள் பொறுப்பது? துக்கத்துக்கு நாள்கணக்கு இல்லை, பார்வோ என்ற நாய்த் தொற்றுநோய்க்கு உண்டு. போன நாய் பார்வோவில் போயிருந்தால், அந்தக் கிருமி முற்றத்து மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த மண்ணில் விடாதீர்கள்.