சுட்ட கோழியும் அயலார் உரிமையும்

ஓர் உணவு ஹலால் என்று தெரிந்துவிட்டால் அதைப்பற்றி வினவுவதற்கு வேறொன்றும் இல்லை என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். ஆகுமா, ஆகாதா என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. ஆனால், மார்க்கம் அடுப்பங்கரையில் மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது: அடுப்பில் ஏறிய உணவில் சமைத்தவனுக்கு மட்டுமா பங்கு?

நெய்வேலி நகரியத்து இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள முழுக்கோழியில் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகு, அரைத்த முந்திரி, நெய் எல்லாம் பூசி இரவு முழுதும் ஊறவைத்திருக்கிறார்கள். மின்சார ஓவனில் 190 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் அது வேகின்றது. வழிந்த நெய்யை இடையிடையே அள்ளி அதன்மீதே வார்க்கிறார்கள். மணம் சாளரத்தைக் கடந்து தெருவுக்கு வருகின்றது.

இதில் குற்றமில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கின்றது. நல்லுணவை வெறுப்பது பக்தியாகாது; வீணாக்குவதே பழிக்கப்பட்டது.

எனினும், ஆணம் சமைக்குங்கால் நீரைக் கூட்டி அயலாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இங்கேதான் நம் சிந்தனைக்கு வேலை பிறக்கின்றது. ஆணத்தில் நீரைக் கூட்டலாம். இரண்டு குவளை நீர் சேர்த்தால் அடுத்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் தேறும், நமக்கும் குறையாது. சுட்ட கோழியில் எந்த நீரைக் கூட்டுவது? அதற்கு இரண்டே தொடை. ஒன்றைக் கொடுத்தால் ஒன்று குறைகின்றது. அப்படியாயின், செல்வர் உணவு மாறியதும் நபிமொழியின் கட்டளை காலாவதியாகிவிட்டதா?

சொல்லை உற்று நோக்கின் விடை கிடைக்கும். நீரைக் கூட்டுவது சமைக்கும்போது செய்யும் செயல். உண்டு முடித்தபின் செய்வதன்று. எஞ்சியதைக் கொடுப்பதும் நன்றே. ஆயினும் இந்நபிமொழி கேட்பது எச்சத்தை அன்று. அடுப்பு மூட்டும் முன்னரே அயலானை எண்ணும் எண்ணத்தை. அவ்வெண்ணம் உடைய இல்லத்தரசி கோழியின் கீழே உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் நிறையப் பரப்புவார். வடியும் நெய்யும் சாறும் அவற்றில் ஊறும். ஒரு கோழி மூன்று தட்டுகளாகும். ஓவனில் கூட்டும் நீர் இதுவே. ஆட்டின் குளம்பேயாயினும் அயலார்க்கு ஈவதை அற்பமாக எண்ணலாகாது என்பதும் நபிகளாரின் அறிவுரைதானே!

யாருக்குக் கொடுப்பது? அண்மையான வாயிலுக்கு முதலில் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விடை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே அவர்கள் கேட்டார்கள். பல மாநிலத்தவரும் பல சமயத்தவரும் அடுத்தடுத்து வாழும் நகரியத்துக்கு இதைவிட ஏற்ற முன்மாதிரி வேண்டுமோ? அடுத்த வீட்டார் புலால் உண்ணாதவராயின் கோழித்துண்டை நீட்டுவது ஈகையாகாது. அவர்பக்கத்துச் சாளரத்தை மூடி வைப்பதும், பழத்தட்டு ஒன்றை அனுப்புவதும் அவருக்குரிய பங்கு. பெறுபவரின் மனமறிந்து ஈவதே ஈகை.

அண்டை என்பது எதுவரை? நாற்புறமும் நாற்பது வீடுகள் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். நெய்வேலியிலோ இவ்வினா நாற்பது வீடுகளோடு நிற்பதில்லை. அந்த ஓவன் ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் உண்கின்றது. அதற்கு ஏறக்குறைய இரண்டு கிலோ பழுப்பு நிலக்கரி எரியவேண்டும். ஒரு டன் நிலக்கரியை எடுக்க அதன் மேலுள்ள மண்ணில் 5 கன மீட்டருக்கும் மேல் அகற்றவேண்டும். அம்மண் ஒருகாலத்தில் ஒருவருடைய வயல். 1956ஆம் ஆண்டில் நிறுவனம் தோன்றியது முதல் பல சிற்றூர்கள் சுரங்கத்திற்கு இடம் விட்டன. 2023ஆம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்பு நாடறிந்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது என்று நிறுவனம் கூறிற்று. விளைந்த பயிர் கண்முன்னே மடிந்தது என்று உழவர் கூறினர்.

“கோழி சமைப்பவனா நிலத்தை எடுத்தான்? இம்மின்சாரம் பல மாநிலங்களுக்குச் செல்கிறதே!” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எந்த காழியும் சமைத்தவனைக் கூண்டில் ஏற்றமாட்டார். ஆனால் குற்றம் வேறு, கடன் வேறு. குற்றமற்றவனுக்கும் கடன் உண்டு. தாய்ப்பால் குடித்த குழந்தை எக்குற்றமும் செய்யவில்லை. ஆயினும் அது தாய்க்குக் கடன்பட்டதே.

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அண்டையார், உறவல்லாத அண்டையார், பக்கத்தில் இருக்கும் தோழர் என மூவரைச் சொல்கின்றது. உறவின்மையால் உரிமை அற்றுப்போவதில்லை என்பது இதனால் விளங்கும். சுவர் ஒட்டியிருப்பதால் ஒருவர் அண்டையார் ஆவாரெனில், அவர் விட்ட நிலத்தின் வெப்பத்தில் நம் உணவு வேகும்போது அவர் அண்டையார் ஆகமாட்டாரா? நகரியத்துக்கு வெளியே வாடகை அறையில் தங்கி வேலைக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளியும், நிலம் இழந்து காய்கறிக் கூடையோடு வாயிலில் நிற்கும் மூதாட்டியும் இவ்வகையினரே. மூதாட்டியிடம் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசி இரண்டு ரூபாய் குறைத்துவிட்டு, உள்ளே சென்று முந்திரி அரைத்த கோழியை உண்பது சட்டப்படி பாவமாகாமல் இருக்கலாம். அது நன்றியாகாது.

நன்றி என்பது பிஸ்மி சொல்லி உண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுவதில் தொடங்குகின்றது, அங்கே முடிவதில்லை. கொடுத்தவன் இறைவன் என்று அறிவது பாதி. எவர் கைவழியாகக் கொடுத்தான் என்று அறிந்து, அக்கைகளுக்குரியதை மறவாமல் செலுத்துவது மறுபாதி. கோழியை ஓவனில் வைக்கும் முன்னர் நம் இல்லத்தார் தட்டுகளை எண்ணட்டும். நம் வீட்டாருக்கு வேண்டியவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்து எண்ணட்டும்.