சுவிட்ச் எந்தப் பக்கம்?

முன்வாசல் போர்டிகோவில் மெத்தை போட்ட நாற்காலிகளும் கூரையில் ஒரு மின்விசிறியும் வைத்துவிட்டால் பழைய திண்ணை திரும்பிவிடும் என்பது ஒரு கட்சி. தெருவுக்கு விசிறி போடுவது வெட்டிச் செலவு என்பது எதிர்க்கட்சி. விசிறி பாதி வேலையைச் செய்யும் என்பது என் எண்ணம். மீதிப் பாதியை முடிவுசெய்வது அதன் சுவிட்ச் இருக்கும் இடம்.

திண்ணை ஏன் காலியானது என்று கேட்டால் தொலைக்காட்சியைச் சொல்வார்கள், மனம் சுருங்கிவிட்டது என்பார்கள். எனக்கென்னவோ காற்று இடம் மாறியதுதான் முதல் காரணமாகப் படுகிறது. எங்கள் சாத்தூர்ப் பக்கம் கரிசல் பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பது. சித்திரை வெயிலைப் பகலெல்லாம் குடித்த சுவர், பொழுது சாய்ந்த பிறகு அதை வீட்டுக்குள் கக்கும். அப்போது வெளியே உட்காருவதைத் தவிர வேறு வழி கிடையாது. விருந்தோம்பல் குணத்தைவிடப் புழுக்கம்தான் ஆட்களைத் திண்ணைக்குத் தள்ளியது. பிறகு மின்சாரம் வந்தது. வீட்டுக்கு ஒரே விசிறி, அதைப் பட்டாசாலையில், அதாவது நடுக்கூடத்தில், மாட்டினார்கள். காற்று உள்ளே போனது, ஆட்களும் பின்னாலேயே போனார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதுதான் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளில் குளிர்சாதனம் பரவியபோது, மாலை நேரத்தில் முன்தாழ்வாரத்தில் உட்காரும் வழக்கம் தேய்ந்தது. வசதி இழுத்துக்கொண்டு போனவர்களை வசதியாலேயே திரும்ப அழைக்கலாம். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை.

திண்ணை சோம்பேறிகளின் இடம் என்ற பேச்சு இந்தப் பக்கம் எடுபடாது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் வீட்டு வாசலே தொழிற்கூடத்தின் நீட்சியானது. பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துப் பெண்கள் குரோஸ் கணக்கில், அதாவது 144, 144 ஆகப் பெட்டி ஒட்டினார்கள். எந்தத் தீப்பெட்டி ஆபீஸில் கூலி கூட, யார் கழிவு பிடிக்கிறார்கள் என்ற சேதியெல்லாம் அங்கேதான் கைமாறும். (பெட்டி ஒட்டும்போது விசிறி ஆகாது, காகிதம் பறக்கும், அது வேறு விஷயம்.) கையால் ஒட்டும் வேலை இயந்திரத்துக்கும் அட்டைப் பெட்டிக்கும் போய்விட்டது. அந்த வேலை கூட்டிவைத்த கூட்டமும் அதோடு கலைந்தது. இன்று சும்மா உட்காருவதற்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது. கொஞ்சம் காற்று என்பது போதுமான சாக்கு.

வெயிலில் விசிறி அனலைத்தானே வாரி இறைக்கும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, தோலின் வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் திண்ணையின் நேரம் மதியம் இரண்டு மணி அல்ல, மாலை ஆறு. அப்போதும் கான்கிரீட் கூரைக்கு அடியில் தொங்கும் விசிறி கூரையின் சூட்டைத் தலைமேல் இறக்கும். தெருப்பக்கக் காற்றை உள்வாங்கும் சுவர் விசிறியே மேல். கொசுவும் அந்த வீச்சில் நிற்காது. மெத்தை நாற்காலி மட்டும் வேண்டாம். நெடுஞ்சாலைப் புழுதிக்கும் வியர்வைக்கும் ஒரே கோடையில் நாறிவிடும். முதுகுக்கும் காற்று விடும் நார்க்கட்டிலுக்கு ஈடு இன்னும் வரவில்லை.

கனமான மறுப்பு வேறு ஒன்று. திண்ணை எப்போது எல்லோருக்கும் திறந்திருந்தது? யார் ஏறலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைச் சாதி எழுதிவைத்திருந்தது. அதை எதற்கு மீட்க வேண்டும்? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. பழைய திண்ணையை மீட்க வேண்டியதில்லை, அதன் நிழலில் ஒளிந்திருந்த அனுமதியை ஒழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். கிரில் கேட்டுக்கு உள்ளே போடும் சோபாவில் அந்த அனுமதி அப்படியே இருக்கிறது. வீட்டுக்காரர் கூப்பிட்டால்தான் உட்காரலாம். அதனால்தான் சொல்கிறேன்: இருக்கை கேட்டுக்கு வெளியே, வீட்டு எல்லைக்குள், சிமெண்டில் கட்டியதாக இருக்கட்டும். சுவிட்சும் வெளிச்சுவரில் இருக்கட்டும். அப்போதும் சாதி எழுந்து போய்விடாது. ஆனால் உட்காருவதற்கு முன் யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் குறையும்.

கரண்ட் பில்? 75 வாட் விசிறி தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியானால் 11 யூனிட்டுக்குள் அடங்கும். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். சிலிண்டர் தூக்கி வருபவர் வியர்வை ஆற ஐந்து நிமிஷம் போட்டுக்கொள்வார். டியூஷனுக்கு வந்த பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் அரை மணி நேரம் ஓடவிடுவார். யாரோ மறந்து ராத்திரி பத்து மணி நேரம் ஓடவிட்டே போனாலும் அந்த 30 வாட் விசிறிக்கு ஆகும் கணக்கு 0.3 யூனிட்.