ஆசீர்வாதம் எதற்காக? 67-ஆம் சங்கீதம் கேட்கும் கணக்கு

எருசலேமின் பழைய நகரத்துக்குத் தென்மேற்கே, இன்னோம் பள்ளத்தாக்கை ஒட்டிய சரிவில் பாறையில் குடைந்த பழங்காலக் கல்லறைகள் இருக்கின்றன. 1979-இல் தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காயின் குழுவினர் அங்கே தோண்டியபோது, சுருட்டி வைத்த இரண்டு சின்னஞ்சிறு வெள்ளித் தகடுகள் கிடைத்தன. நொறுங்காமல் அவற்றைப் பிரிக்க இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மூன்று ஆண்டுகள் பிடித்தன. விரித்த பிறகும் பெரிய தகட்டின் நீளம் பத்து சென்டிமீட்டரைத் தொடவில்லை. அதன் மேல் மெல்லிய கீறல்களாக எபிரேய எழுத்துகள். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஆசாரியன் ஆரோன் மக்கள் மேல் கூற வேண்டும் என்று சொல்லப்பட்ட ஆசீர்வாதத்தின் வரிகள் அவை. காலம், கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். நமக்குக் கிடைத்திருக்கும் விவிலிய வாசகங்களில் இவற்றைவிடப் பழையவை இல்லை.

அவை தாயத்துகள். தீமை அண்டாமல் இருக்க யாரோ ஒருவர் அணிந்திருந்தார். இறந்த பின்பும் அவை அவரோடு கல்லறைக்குள் போயின. கடவுளின் ஆசீர்வாதம் ஓர் உடலைச் சுற்றிய காவலாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே ஆசீர்வாதத்தை எடுத்து வேறொரு திசையில் திருப்பிவிடுகிறது 67-ஆம் சங்கீதம். எழுதியவர் பெயர் இல்லை. நரம்பிசைக் கருவிகளோடு பாட வேண்டியது என்ற குறிப்பு மட்டும் தலைப்பில் உண்டு. இருப்பவை ஏழே வசனங்கள். ஆசாரியன் மக்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே மக்களே வேண்டுதலாக்கிக் கடவுளிடம் கேட்கிறார்கள்: இரக்கம் வேண்டும், ஆசீர்வாதம் வேண்டும், அவருடைய முகத்தின் ஒளி தங்கள் மேல் விழ வேண்டும். கேட்ட மூச்சிலேயே காரணத்தையும் சொல்லிவிடுகிறார்கள். கடவுளின் வழியைப் பூமி அறிய வேண்டும், அவர் தரும் மீட்பை எல்லா இனத்தாரும் அறிய வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறோம் என்கிறார்கள்.

தனக்குக் கேட்பது தவறு என்று இந்தச் சங்கீதம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் வேண்டுதலே தங்களுக்குத்தான். கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். ஆனால் கேட்டதைப் பெற்றுக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ள அடுத்த வசனம் விடுவதில்லை.

பாட்டின் கட்டமைப்பும் அதையே சொல்கிறது. தலைப்பை நீக்கிவிட்டு எண்ணினால் எபிரேய மூலத்தில் சரியாக 49 சொற்கள். வசன வாரியாகப் பார்த்தால் 7, 6, 6, 11, 6, 6, 7. இரு பக்கமும் ஒத்து நிற்க, நடுவில் நீண்ட வசனம் ஒன்று. யூதர்கள் இந்தச் சங்கீதத்தை ஏழு கிளைக் குத்துவிளக்கின் வடிவில் எழுதும் வழக்கம் இதனால்தான் வந்தது. அந்த நடுவசனம் விளக்கின் தண்டாக நிற்கும். பஸ்காவுக்குப் பின் வாரங்களின் பண்டிகை வரை 49 நாள்களை எண்ணும் காலத்தில் இதை ஓதும் மரபும் அவர்களிடம் உண்டு.

தண்டாக நிற்கும் அந்த நான்காம் வசனத்தில் என்ன இருக்கிறது? இஸ்ரவேலின் செழிப்பு இல்லை, வெற்றியும் இல்லை. மற்ற இனத்தார் மகிழ்ந்து பாடுவது இருக்கிறது. கடவுள் அவர்களுக்கு நேர்மையாக நீதி வழங்குகிறார், அவர்களையும் வழிநடத்துகிறார் என்பதே அந்த மகிழ்ச்சிக்குக் காரணம். அடுத்து வரும் 68-ஆம் சங்கீதம் எதிரிகள் சிதறி ஓடும் காட்சியோடு தொடங்குகிறது. 67-இல் எதிரி என்று ஒருவரும் இல்லை. யாரும் தோற்கவில்லை, யாரும் கப்பம் கட்டவில்லை.

"இனத்தார்" என்றால் யார் என்று நினைத்துப் பார்த்தால்தான் இந்த வேண்டுதலின் துணிச்சல் புரியும். பழைய இஸ்ரவேலனுக்கு அது பூகோளப் பாடத்தில் படித்த பெயர்ப் பட்டியல் அல்ல. முன்னோரை அடிமைகளாக வைத்திருந்த எகிப்து, கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வட நாட்டை அழித்த அசீரியா, கி.மு. 586 வாக்கில் எருசலேம் ஆலயத்தைக் கொளுத்திய பாபிலோன். அந்த அசீரியாவின் நினிவே நகரம் தண்டனைக்குத் தப்பியதே என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்த தீர்க்கதரிசியின் கதைதான் யோனா. ஏசாயா 19-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களோ எகிப்தையும் அசீரியாவையும் இஸ்ரவேலையும் ஒரே வரிசையில் நிறுத்தி மூவரையும் கடவுள் ஆசீர்வதிப்பதாகச் சொல்கின்றன. யோனாவின் மனக்கசப்பும் ஏசாயாவின் அகன்ற பார்வையும் ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன. 67-ஆம் சங்கீதம் ஏசாயாவின் பக்கம் நிற்கிறது.

இந்த எண்ணத்தின் வேர் ஆதியாகமம் 12-இல் இருக்கிறது. ஆபிரகாமை ஆசீர்வதிப்பேன் என்று சொன்ன கடவுள், அவன் மூலமாக உலகின் எல்லாக் குடும்பங்களும் ஆசி பெறும் என்றும் சேர்த்தே சொன்னார். தேர்ந்தெடுக்கப்பட்டது சலுகைக்காக அல்ல, ஒரு பொறுப்புக்காக. அந்தப் பொறுப்பைத்தான் இந்தச் சங்கீதம் வழிபாட்டுப் பாடலாக்கியிருக்கிறது.

ஆறாம் வசனம் வயலுக்கு வருகிறது. நிலம் விளைச்சல் தந்திருக்கிறது. கடவுளின் ஆசி கண்ணுக்குத் தெரியும் தானியமாக நிற்கிறது. இது அறுப்புத் திருவிழாவில் பாடப்பட்டிருக்கும் என்று அறிஞர் பலர் கருதுவது இந்த வசனத்தை வைத்துத்தான். சரி, களத்துக்கு வந்த தானியம் மற்ற இனத்தாரை எப்படிப் போய்ச் சேரும்?

அதற்கு மோசேயின் சட்டத்தில் நடைமுறை விடை இருக்கிறது. லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் வாரங்களின் பண்டிகைக்கான பலிகளையும் காணிக்கைகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 22-ஆம் வசனத்தில் சட்டென்று வயலுக்குத் திரும்புகிறது. வரப்போரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பது கட்டளை. அறுத்தபோது மறந்துபோன அரிக்கட்டைத் திரும்பிப் போய் எடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 24. எவ்வளவு விட வேண்டும் என்ற கேள்விக்குப் பிற்காலத்து யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இந்தச் சட்டத்தால் பிழைத்தவள் ரூத். மோவாப் நாட்டுக்காரி, கணவனை இழந்தவள், மாமியார் நகோமியோடு பெத்லெகேமுக்கு வந்தவள். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் போவாசின் வயலில் அறுப்பவர்களின் பின்னால் கதிர் பொறுக்கினாள். வேண்டுமென்றே அரிகளிலிருந்து கொஞ்சம் உருவிப் போடுங்கள் என்று போவாஸ் வேலையாள்களிடம் சொல்லி வைத்தான். அன்று மாலை அவள் தட்டி எடுத்தது ஏறக்குறைய ஓர் ஏப்பா வாற்கோதுமை. கடவுளின் வழி அந்நிய நாட்டுப் பெண் ஒருத்திக்குத் தெரிய வந்தது பிரசங்கத்தால் அல்ல. உருவிப் போட்ட கதிரால். யூதர்கள் வாரங்களின் பண்டிகையில் ரூத்தின் கதையை வாசிப்பது இன்றும் வழக்கம்.

நமது காலத்தில் இந்தச் சங்கீதம் இரண்டு விதமாகத் திரிந்துபோகிறது. ஒன்று, செழிப்பு உபதேசம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கரான புரூஸ் வில்கின்சன் எழுதிய 'யாபேசின் ஜெபம்' பல லட்சம் பிரதிகள் விற்றது. முதலாம் நாளாகமம் 4-ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்தில் வரும் வேண்டுதல் அது. யாபேஸ் ஆசியும் எல்லை விரிவும் கேட்டான், கடவுளும் கொடுத்தார். அந்த எல்லையைக் கடவுளின் பணிக்கான களமாகவே வில்கின்சன் விளக்கினார். வாசித்த பலருக்கோ வீடும் வருமானமும் விரிவதே கண்ணில் பட்டது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. நாங்கள் செழித்திருக்கிறோம், ஆகவே எங்கள் கடவுளே மெய்யான கடவுள். பார்த்து நீங்களும் வாருங்கள் என்று செல்வத்தையே சாட்சியாக்குவது. மேலோட்டமாகப் படித்தால் சங்கீதமும் அப்படிச் சொல்வதுபோல் தோன்றும். ஆனால் மற்ற இனத்தார் பாடுவது இஸ்ரவேலின் களஞ்சியத்தைக் கண்டு வியந்து அல்ல. தங்களுக்கு நீதி கிடைத்ததால். ஒருவருடைய செழிப்பு அடுத்தவருக்கு நியாயமாக மாறாவிட்டால், நடுத்தண்டு இல்லாத விளக்குதான் மிஞ்சும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஜனவரி 1 திருப்பலியில் எண்ணாகமத்தின் ஆசீர்வாதமும் இந்தத் திருப்பாடலும் அடுத்தடுத்து வாசிக்கப்படுகின்றன. வாசகச் சுற்றின் முதல் ஆண்டில், பொதுக்காலம் 20-ஆம் ஞாயிறன்று, மகளுக்காக இயேசுவிடம் வாதாடிய கானானியப் பெண்ணின் நற்செய்தியோடு இது மறுபடியும் வருகிறது. மேசையிலிருந்து விழும் துணிக்கைகளிலாவது பங்கு கேட்ட அந்நியப் பெண்ணுக்கு அருகே இதை வைத்தவர்கள் சங்கீதத்தைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. ஆசீர்வாதம் என்ற சொல் வரும் அட்டை கிடைத்தால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் நெல்லும் தேங்காயும் கோழியும் ஆலயத்துக்கு வருகின்றன, ஏலம் களைகட்டுகிறது. பல ஊர்களில் அசன விருந்துக்கு மதம், சாதி பாராமல் ஊரே வந்து உட்காருகிறது. 67-ஆம் சங்கீதத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கவுரை கிடைப்பது அரிது. அடுத்த பண்டிகையில் ஏல வரவை வாசிக்கும்போது கமிட்டி இன்னொரு வரியையும் சேர்த்து வாசிக்கட்டும்: இந்தத் தொகையில் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் போனது எவ்வளவு?