கருவும் கட்டளையும்

பாவம் என்பது ஒன்று. குற்றம் என்பது மற்றொன்று. பொய்யுரைப்பது பாவம். ஆயினும் எல்லாப் பொய்யையும் சட்டம் தண்டிப்பதில்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்தபின் சொல்லும் பொய்யையும், பிறர் பொருளைக் கவரச் சொல்லும் பொய்யையும் போன்ற சிலவற்றையே அது தண்டிக்கிறது. புறம் பேசுவதைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. அதற்கெனச் சிறைச்சாலை கட்டிய அரசாங்கத்தை நாம் அறியோம். இறைவனின் முன்னிலையில் மனிதன் விடை கூறவேண்டிய செயல்கள் பல. அவற்றுள் சிலவற்றுக்கே காவல் நிலையத்திலும் விடை கூற வேண்டியவனாகிறான். எந்தச் செயல் எந்தப் பக்கத்தைச் சார்ந்தது என்று வரையறுப்பது சட்டம் இயற்றுவோரின் பெரும் பொறுப்பாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டே கருக்கலைப்பு என்னும் பொருளை அணுக விரும்புகிறோம். 1973இல் பெண்ணின் உரிமை எனத் தான் ஏற்றுக்கொண்ட ஒன்றை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிட்டு, முடிவை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. பழைய வழக்கு உலகெங்கும் மீண்டும் உயிர் பெற்றது. கருவை அழிப்பது நன்றா, தீதா என்பது ஒரு கேள்வி. அதை முடிவு செய்யும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டா என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குக் கண்டிப்பான விடை வைத்திருப்போரும் இரண்டாவதை ஆற அமரச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

நம் முன்னோரான மார்க்க அறிஞர்கள் இதை எவ்வாறு நோக்கினர்? ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, 120 நாட்கள் நிறைந்ததும் கருவில் உயிர் ஊதப்படுகிறது என்று அவர்களுள் பெரும்பாலோர் கொண்டனர். அதன்பின் தக்க காரணமின்றிக் கருவை அழிப்பது விலக்கப்பட்டது என்பதில் அவர்களிடையே வேற்றுமை இல்லை. அதற்கு முற்பட்ட நாட்களைப் பற்றியோ கருத்துகள் பலவாகப் பிரிந்தன. தக்க காரணம் இருப்பின் ஆகும் என்றனர் ஹனஃபி அறிஞர் பலர். தொடக்க முதலே ஆகாது என்றனர் மாலிகி அறிஞர் பெரும்பாலோர். கரு வளர வளர, அதை அழிக்கும் குற்றத்தின் கடுமையும் வளர்கிறது என்று கண்டார் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி. தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், வேராகிய தாயையே முதலில் காக்க வேண்டும் என்று இக்கால அறிஞர்கள் விளக்கினர். தமிழ்நாட்டிலேயே ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம். இத்தனை கருத்துகளுள் ஒன்றை மட்டும் எடுத்துத் தண்டனைச் சட்டமாக்கி எல்லாரையும் கட்டுப்படுத்தும் தகுதி எந்த அமைச்சரவைக்கு உண்டு? இறையச்சத்தோடு மாறுபட்ட அறிஞர்களை நாம் மதிக்கிறோம். அதே இறையச்சத்தோடு தன் நிலையை எண்ணிப் பார்க்கும் ஒரு தாயை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறோம்?

இனி, அந்த அதிகாரத்தை முழுவதும் தன் கையில் எடுத்துக்கொண்ட ஓர் அரசாங்கத்தைக் காண்போம். மக்கள்தொகையைப் பெருக்க எண்ணிய ருமேனியாவின் தலைவர் சௌசெஸ்கு, 1966 அக்டோபரில் 770ஆம் ஆணையைப் பிறப்பித்துக் கருக்கலைப்பைத் தடை செய்தார். 45 வயதைக் கடந்தோர், நான்கு பிள்ளைகளைப் பெற்றோர், உயிராபத்தில் உள்ளோர் முதலிய சிலருக்கே விலக்கு. 1966இல் ஏறத்தாழ 2,74,000 ஆக இருந்த பிறப்புகள் 1967இல் 5,28,000 ஆயின. ஆணை வென்றுவிட்டதாகத் தோன்றியது. ஆனால் அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. பெண்கள் இரகசிய வழிகளைத் தேடினர். பிறப்பு மீண்டும் இறங்கியது. அரசு மேலும் இறுக்கியது. பிள்ளையில்லாதோர்க்கு வரி விதித்தது. பணியிடங்களில் பெண்களுக்குக் கட்டாயப் பரிசோதனை நடத்தியது. 1989 டிசம்பரில் அந்த ஆட்சி வீழ்வதற்குள், மறைவான இடங்களில் செய்துகொண்ட கருக்கலைப்பால் மாண்ட பெண்கள் ஏறத்தாழ 10,000 பேர். அநாதை இல்லங்களில் கைவிடப்பட்ட குழந்தைகள் நிறைந்து கிடந்தனர். ஆணை நீக்கப்பட்ட அடுத்த ஆண்டிலேயே பேறுகாலச் சாவு பாதியளவாகக் குறைந்தது. கருவைக் காப்பதாகச் சொன்ன சட்டம் தாய்மாரைக் கொன்றதும், பிறந்த பிள்ளைகளை அநாதைகளாக்கியதும் கண்டோம்.

இதற்கு நேர்மாறான காட்சியை நம் நாடே கண்டது. நெருக்கடி நிலை நிலவிய 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 1976 நவம்பரில் ஹரியானாவின் மேவாத் பகுதியில், முஸ்லிம்கள் நிறைந்த உட்டாவர் என்னும் ஊரைக் காவலர்கள் சூழ்ந்துகொண்டு ஆண்களைப் பிடித்துச் சென்றனர். பலருக்குக் கட்டாயமாக அறுவை நடந்தது. சீனாவிலோ, 2015 வரை நீடித்த ஒரு பிள்ளைத் திட்டத்தின்கீழ், பெற விரும்பிய தாய்மாரையே கருவைக் கலைக்கும்படி அதிகாரிகள் கட்டாயப்படுத்தினர்.

‘பெற்றே ஆகவேண்டும்’ என்றது ஓர் அரசு. ‘பெறவே கூடாது’ என்றது மற்றோர் அரசு. சொற்கள் எதிரெதிரானவை, வேர் ஒன்றே. குடிமக்களின் குடும்பம் தன் திட்டத்துக்கு உரிய கச்சாப்பொருள் என்னும் எண்ணமே அந்த வேர். தடுக்கும் உரிமையை இன்று ஓர் அரசாங்கத்துக்கு வழங்குவோர், வற்புறுத்தும் உரிமையை நாளை அதனிடமிருந்து எவ்வாறு பறிப்பர்?

‘கருவுக்கு வாயில்லை. வாயில்லாதவர்க்காக அரசு பேச வேண்டாமா?’ என்று கேட்போர் உண்டு. இது எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று. ஒருத்தி மற்றொருத்தியைத் தாக்கிக் கருவை அழித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் கருவுக்காக ஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தார்கள். கரு மதிப்பற்ற பொருளன்று என்பதற்கு இதுவே சான்று. ஆகவே, தாய்க்கு எதிராகக் கருவின்மேல் கை வைப்பவனை அரசு தண்டிக்கட்டும். தகுதியற்ற கைகளிடமிருந்து பெண்களைக் காக்கட்டும். வெளியே வந்தால் உயிர்வாழத்தக்க அளவு கரு முதிர்ந்த நிலையில், மருத்துவ அறிவின் துணையோடு எல்லையும் வகுக்கட்டும். காவலனாக நிற்பது அரசின் கடமை; பெண்ணின் மனச்சான்றுக்குள் புகுந்து நீதிபதியாவது அதன் கடமையன்று.

நம் நாட்டுச் சட்டம் இந்த எல்லையைத் தேடித் தடுமாறியே வந்துள்ளது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் கருவைச் சுமந்தவளையே குற்றவாளியாக்கியது. அதன் இடத்தில் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமும் அந்தப் பிரிவைக் கைவிடவில்லை. 1971இன் சட்டம் மருத்துவரின் கருத்தைப் பெற்று விலக்கு அளித்தது; 2021இன் திருத்தம் சில வகைப் பெண்களுக்குக் கால வரம்பை 24 வாரம்வரை நீட்டியது. 18 வயது நிரம்பியவளாயின் அவளுடைய சம்மதமே போதும். கணவனின் கையொப்பத்தை அச்சட்டம் கேட்பதில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994இன் சட்டம் மற்றோர் உண்மையையும் உணர்ந்திருக்கிறது. அத்தகைய சோதனைக்கு உள்ளான பெண், கணவனாலோ உறவினராலோ வற்புறுத்தப்பட்டவள் என்றே, மாறாக நிறுவப்படும்வரை, நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது அது.

இந்த உண்மை நம் இல்லங்களுக்கும் உரியது. அரசாங்கத்தை வாசலில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் கணவனும் மாமியாரும் சேர்ந்து ஆணை பிறப்பித்தால், அப்பெண்ணுக்கு என்ன விடுதலை? பெண் குழந்தைகளை மண்ணில் புதைத்த அறியாமைக் காலத்தைப் பழிக்கும் நாம், மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று மருமகளை அழவைக்கும் வீடுகளை என்ன பெயரிட்டு அழைப்போம்?

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளை அழிப்பதைத் திருமறை தடுக்கிறது. உணவளிப்பவன் இறைவன் என்று உறுதியும் கூறுகிறது. தடையை மட்டும் ஏழைத் தாயிடம் எடுத்துச் சொல்லி, அவளுக்கு உதவும் கடமையை மறந்துவிடும் சமுதாயம் பாதி மார்க்கத்தையே பேசுகிறது. கருக்கலைப்பு குறைய வேண்டும் என்று உண்மையாக விரும்புவோர்க்குச் சட்டப் புத்தகத்தைவிட அண்மையில் வேலை காத்திருக்கிறது. பேறுகாலச் செலவுக்கு அஞ்சும் வீட்டுக்கு ஜகாத்தும் ஸதக்காவும் சென்று சேரட்டும். கைவிடப்பட்டவளைத் தூற்றும் நாக்குகள் அடங்கட்டும். பெண் மகவு பிறந்த வீட்டிலும் ஆண் மகவு பிறந்த வீட்டைப்போல் இனிப்பு வழங்கப்படட்டும். அத்தகைய ஊரில் தாய் தன் முடிவை அச்சமின்றி எடுப்பாள். அம்முடிவுக்குரிய கணக்கைக் கேட்பவன் அல்லாஹ் ஒருவனே.