அடி வைக்குமுன் நோக்குதல்

ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை வழியாகத் தருமபுரி செல்லும் சாலை இன்று 844ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஆலைகள் பெருகிய வட்டாரத்தில் சாலை அகலத்தான் வேண்டும். நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கு வழிவிடாத பழமைப்பற்று அறமன்று. ஆயினும், மண்ணைத் தோண்டுமுன் அதில் என்ன உள்ளது என்று பார்க்கும் கடமை யாருடையது?

இப்பகுதி வெறும் மண்ணன்று. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊர்தோறும் நடுகற்கள் உள்ளன. பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வழிபடுகின்றனர். வழிபடப்படும் கல்லுக்காகப் பேச ஊரார் உண்டு. புதரில் சாய்ந்து கிடக்கும் கல்லுக்கு யார் உளர்? தகடூரில் சமணப் பள்ளியொன்று எழுந்த செய்தியைக் கி.பி. 893ஆம் ஆண்டுத் தூண் கல்வெட்டொன்றே நமக்குச் சொல்கிறது. அத்தூண் என்றோ சாலைச் சல்லியாகியிருப்பின், அங்கு நம் முன்னோர் வாழ்ந்த செய்தியில் ஒரு பகுதியும் உடன் போயிருக்கும்.

1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கின்றன. பட்டியலில் ஏறாத கல்லுக்கு அந்த வேலி இல்லை. ஐரோப்பிய நாடுகள் 1992இல் வலேட்டாவில் செய்த உடன்படிக்கையோ, திட்டம் தீட்டும்போதே தொல்லியலாரைக் கலந்து, ஆய்வுச் செலவையும் திட்டச் செலவிலேயே சேர்க்கச் சொல்கிறது.

செதுக்கிய கல் உயிரற்றது; அதை உடைப்பதில் இம்சை ஏது என்று நம் இளைஞர் வினவக்கூடும். நல்ல வினாவே. கல்லுக்கு நோவில்லை என்பது மெய். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது கவனமின்மையையே முதலில் வைக்கிறது. ஈரியா சமிதி காக்கும் முனிவர் நுகத்தடி அளவு நிலத்தை நோக்கியே நடக்கிறார். எறும்பு இருக்கிறது என்று அறிந்தபின் அவர் நோக்குவதில்லை. இருக்கக்கூடும் என்பதாலேயே நோக்குகிறார். நம் சட்டமோ அறிந்ததை மட்டும் காக்கிறது. அறியாததைத் தேடும் பொறுப்பை அது எவர் தலையிலும் வைக்கவில்லை. குறை அங்கேதான்.

தேடுவதற்குப் பெருஞ்செலவும் இல்லை. இருபுறமும் நடந்து பார்த்து, முதியோரைக் கேட்டு, படமெடுத்து, எழுத்துள்ள கல்லை மைப்படி எடுத்தல் முதற்பணி. பெயர்த்தே ஆகவேண்டிய கல்லாயின், அது எவ்விடத்தில், எத்திசை நோக்கி நின்றது என்று எழுதிவைத்த பின்னரே அருங்காட்சியகத்துக்கு அனுப்ப வேண்டும். இடம் தெரியாத கல் பாதி ஊமை.

நம் குடும்பத்தார் நிலத்திலோ, நிலத்தையொட்டிய சாலையோரத்திலோ இத்தகைய கல் இருப்பின், அளவைக்காரர் வருமுன்பே வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் படியொன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நலம்.